இடது வளைவில் ஒரு பிழை

பஸ் மறுபடியும் பள்ளத்தில் விழுந்தது.

விளையாட்டு என்பதால் யாரும் சாகவில்லை. பாறையும் மேகமும் தேயிலைச் செடிகளும் திரையில் தலைகீழாகச் சுழன்றன. பிறகு திரை இருண்டு, ‘மீண்டும் தொடங்கவா?’ என்று பணிவாகக் கேட்டது. நாச்சிமுத்து மேசையில் திருகி வைத்திருந்த ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். வலது கை இடது கையைத் தடவிக்கொடுத்தது, யார் வீட்டுக் குழந்தையையோ சமாதானப்படுத்துவதுபோல.

“அதே எடந்தானுங்களாப்பா?” என்று கேட்டாள் சாருமதி. அவருடைய ஒரே மகள்.

“அதே எடந்தான் கண்ணு. அந்த லெப்ட் வளைவு.”

“வண்டி லேட்டாத் திரும்புதுங்களா?”

“ஆமா. நா ஒடிச்சர்றேன். அது யோசிச்சு யோசிச்சுத் திரும்புது.”

சமையலறையிலிருந்து வசந்தாமணி எட்டிப் பார்த்தாள். “ஏனுங்க, நெசப் பஸ்ஸு காத்துக்கிட்டுக் கெடக்குது, பொம்மப் பஸ்ஸ வெச்சுக்கிட்டு எதுக்கு மல்லுக்கட்டறீங்க? அதான் டிரைவர் டெஸ்டுல பாஸுன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டாங்கல்ல? திங்கக்கெழம வண்டியெடுக்கற ஆளு, செத்த நேரம் படுங்க.”

“படுக்கறேன்,” என்றார் நாச்சிமுத்து. ஆனால் விரல் ‘ஆம்’ என்ற இடத்தைத்தான் அழுத்தியது.

பஸ் மலையடிவாரத்திலிருந்து மறுபடி கிளம்பியது. ஒவ்வொரு வளைவு வரும்போதும் அவர் கட்டைவிரலால் ஹாரனை அழுத்தினார். எதிரே வருவதற்கு அந்த விளையாட்டில் ஒரு சைக்கிள்கூடக் கிடையாது. இருந்தாலும் அடித்தார். மலையில் ஓட்டுகிறவர்களுக்கு அது மூச்சு விடுவதுபோல.

நாச்சிமுத்து மயிலம்மன் மோட்டார்ஸின் பஸ்ஸைப் பொள்ளாச்சிக்கும் வால்பாறைக்கும் இடையே ஓட்டிக்கொண்டிருந்தவர். போன ஆடியில் ஒரு காலை, டீக்கடையில் நின்று பேசிக்கொண்டிருந்தபோது இடது கையிலிருந்து டம்ளர் நழுவியது. குனிந்து எடுக்கப் போனார், கை வரவில்லை. மூளைக்குப் போகும் ரத்தத்தில் சின்ன அடைப்பு என்றார்கள். சீக்கிரம் கொண்டுபோனதால் பேச்சும் காலும் தப்பின. இடது கை மட்டும் வெளியூர் போய்த் திரும்பியதுபோல ஒட்டாமல் இருந்தது. எதையாவது பிடித்துத் திருப்பிப் பழகச் சொன்னார் மருத்துவர். சாருமதி தான் வேலை பார்க்கும் கேம் சென்டரிலிருந்து கழித்துக் கட்டிய ஸ்டியரிங் ஒன்றையும், விசிறி பழுதான புதுரக கிராஃபிக்ஸ் கார்டு ஒன்றையும் கேட்டு வாங்கி வந்தாள். விசிறியை மாற்றி, கார்டை வீட்டுக் கம்ப்யூட்டரில் பொருத்தினாள். வால்பாறைச் சாலையை அப்படியே வளைவு வளைவாக வரைந்து யாரோ இலவசமாக விட்டிருந்த பஸ் விளையாட்டையும் போட்டாள்.

வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்தது லினக்ஸ். உலகத்தில் எங்கெங்கோ இருப்பவர்கள் சேர்ந்து எழுதி, யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவைத்திருக்கும் அமைப்பு அது. லினக்ஸில் விளையாட்டு சரியாக வராது என்பது அந்த ஊரில் எல்லாரும் ஒப்புக்கொண்ட விஷயம்.

*

கேம் சென்டரை நடத்தியவள் பெனசீர். அங்கேயும் ஓரத்தில், ஏழாம் சீட்டில், ஒரு லினக்ஸ் கம்ப்யூட்டர் இருந்தது. சாருமதியின் ஆசைக்காகப் போட்டது. அதில் யாரும் உட்காரமாட்டார்கள். இடமில்லாமல் உட்கார்ந்தவர்கள்கூட ஒரு ஆட்டம் தோற்றதும் எழுந்துவிடுவார்கள்.

“அக்கா, அப்பாவுக்கு அந்த லெப்ட் வளைவு மட்டும் ஒத்துக்கவே மாட்டீங்குது,” என்றாள் சாருமதி. “கார்டு புதுசு. ரோடும் டெஸ்ட் சென்டர் திரைல ஓடற அதே ரோடு. அங்க அழகாத் திரும்புனாரு. இங்க விழுகறாரு.”

பெனசீர் ஹெட்போன்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். “ஓசில கெடைக்கறது அப்டித்தான்டீ இருக்கும். நம்ம ஏழாம் சீட்டுல உக்காந்தா சிங்கமெல்லாம் பூனையாயிருதே, பாக்கறதில்ல? அந்த சிஸ்டத்துல கெஸ் வேலை செய்யாது.”

கெஸ் என்பது அந்தப் புதுக் கார்டின் விசேஷம். பழைய கார்டுகள் திரையில் வரும் படங்களை ஒவ்வொன்றாக வரைந்தன. அப்புறம் வந்தவை, ஒன்றை வரைந்துவிட்டு அடுத்ததை ஊகித்து இட்டு நிரப்பின. இந்தப் புதுரகம் இன்னும் ஒரு படி போய், விளையாடுகிறவரின் கையையே ஊகித்தது.

“நீ சுடோணும்னு லேசா அசைஞ்சாப் போதும்,” என்றாள் பெனசீர். “எங்க சுட நெனச்சியோ அங்க குண்டு போகும். கை நடுங்குனாலும் திரைல நடுங்காது. டப்பாலயே போட்டிருக்கான் பாரு, ‘உங்கள் கை நினைப்பதைத் திரை செய்யும்’னு. அந்த வித்தையக் கம்பெனிக்காரன் லினக்ஸுக்குக் குடுக்கல. அங்க இருக்கறவங்க அவங்களா ஒரு நிரல் எழுதிக் கார்ட ஓட்டறாங்க. அது வந்தத வந்தபடி காட்டுது. அப்புறம் எவன் அதுல வெளையாடுவான்?”

“அப்பாவுக்கு அது தாமதமாக் காட்டுதுங்கக்கா. அதான் தப்பு.”

“அப்ப எழுதுனவங்களக் கேளு. எங்கிட்டக் கேட்டா? நா துடைக்கறவ.”

நேரில் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச வராத சாருமதிக்கு எழுதுவது சிரமமில்லை. அந்தக் கார்டுக்கான நிரலை எழுதுகிறவர்கள் பிழைகளைப் பதிந்துவைத்து, சரியானதும் மூடும் பக்கத்துக்குப் போனாள். ‘இடது வளைவுகளில் ஸ்டியரிங் தாமதமாகத் திரும்புகிறது’ என்று தலைப்பிட்டாள். தன் அப்பா அனுபவமுள்ள மலை டிரைவர் என்பதையும், வேறு இடத்தில் இதே கார்டில் இதே வளைவைச் சிரமமில்லாமல் திரும்பினார் என்பதையும் எழுதினாள். அவர் விழுந்த ஆட்டங்களின் பதிவையும் சேர்த்து அனுப்பினாள். கடைசியில், ‘தயவுசெய்து சீக்கிரம் சரிசெய்யுங்கள். அப்பாவின் மனம் தளர்கிறது’ என்றும் ஒரு வரி சேர்த்தாள்.

மறுநாள் பதில் வந்திருந்தது. எழுதியவள் லாட்வியா நாட்டைச் சேர்ந்த இல்ஸே என்ற பெண். இயந்திரம் மொழிபெயர்த்த தமிழ் என்பதால் கல்யாணப் பத்திரிகைபோல இருந்தது.

‘மதிப்பிற்குரிய சாருமதி அவர்களுக்கு வணக்கம். தாங்கள் அனுப்பிய பதிவை ஆராய்ந்தேன். ஸ்டியரிங்கிலிருந்து கம்பி வழியாக வந்த அசைவும் திரையில் தோன்றிய அசைவும் இம்மியும் பிசகாமல் ஒன்றாகவே உள்ளன. தாமதம் இருப்பது உண்மை. ஆனால் அது எங்கள் நிரலில் இல்லை. கம்பிக்கு முன்னால் இருக்கிறது.’

கம்பிக்கு முன்னால் இருப்பது ஸ்டியரிங். சாருமதிக்குக் கோபம் வந்தது. கூடவே நிம்மதியும் வந்தது. சரி, ஸ்டியரிங்தான் பழுது. சென்டரிலிருந்து நல்லதாக ஒன்றை இரவல் வாங்கி வந்து மாட்டினாள். நாச்சிமுத்து ஓட்டினார். பஸ் அதே வளைவில் விழுந்தது.

“இதுவும் சரியில்ல போல,” என்றார். குரலில் ஏமாற்றம் இல்லை. வேறு ஏதோ இருந்தது. அது என்னவென்று அவளுக்கு அப்போது பிடிபடவில்லை.

அவர் யூனிஃபார்மைப் பிடிக்கக் கொடுப்பதற்காக டெய்லர் கடைக்குக் கிளம்பினார். உடம்பு இளைத்ததில் காக்கிச் சட்டை தொளதொளத்திருந்தது. சாருமதி திரையைப் பார்த்தபடி கொஞ்சநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு அம்மாவைக் கூப்பிட்டாள்.

“நீங்க ஒரு தடவ ஓட்டுங்கம்மா.”

“எனக்கு மொபெட்டே வராது. நீ வேற.”

“சும்மா ஓட்டுங்க. விழுந்தா நம்மளுக்கென்ன?”

வசந்தாமணி ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பால் குண்டானைத் தூக்கிக்கொண்டு படியேறுகிறவள்போலப் பஸ்ஸை ஓட்டினாள். “மெதுவாப் போ. அட, மெதுவாப் போங்கறேன். எங்கடா போற, ரோடு இங்க இருக்குது,” என்று வழியெல்லாம் அதைத் திட்டினாள். ஹாரன் எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியவே தெரியாது. இடது வளைவு வந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு, இரண்டு கைகளாலும் ஸ்டியரிங்கை உரலில் ஆட்டுவதுபோல இழுத்தாள். பஸ் பாறையை உரசிக்கொண்டு, நிற்கிற மாதிரி தயங்கி, திரும்பி, மேலே போனது.

“இதுக்கா உங்கப்பன் இந்த அலப்பற பண்றாரு?” என்றாள் வசந்தாமணி. அடுப்பில் எதுவோ தீய்வதை மோந்து எழுந்து ஓடினாள்.

பஸ் சாலை நடுவில் நின்றது. சாருமதி அசையவில்லை.

ஸ்டியரிங்குக்கும் முன்னால் இருப்பது கை.

அப்போதுதான் டெஸ்ட் நாள் அவள் நினைவுக்கு வந்தது. மயிலம்மன் மோட்டார்ஸ் தன் டிரைவர்களை ‘நேர்பாதை’ என்ற தனியார் டெஸ்ட் சென்டருக்கு அனுப்பித்தான் தகுதிச் சான்று வாங்கும். பெரிய திரை, நிஜ பஸ்ஸின் சீட்டையும் ஸ்டியரிங்கையும் வெட்டி எடுத்து வைத்ததுபோன்ற இருக்கை. கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் சாருமதி நின்றிருந்தாள். இடது வளைவில் அப்பாவின் இடது கை ஸ்டியரிங்கிலிருந்து நழுவி மடியில் விழுந்ததை அவள் பார்த்தாள். பஸ் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோலத் திரும்பிப் போனதையும் பார்த்தாள். ஒற்றைக் கையாலேயே சமாளித்துவிட்டாரே என்று அப்போது பெருமையாக இருந்தது.

படம் பளிச்சென்று தெரியவேண்டும் என்பதற்காக அந்த சென்டரிலும் புதுக் கார்டுதான் போட்டிருந்தார்கள். அப்பா திரும்ப நினைத்தார், கார்டு திருப்பிவிட்டது. அவ்வளவுதான். திங்கட்கிழமை அவர் ஏறப்போகும் பஸ்ஸில் அந்தக் கார்டு கிடையாது. பள்ளிக்கூடப் பிள்ளைகளும், எஸ்டேட் பெண்களும், ஆஸ்பத்திரிக்கு இறங்கும் கிழவர்களும்தான் இருப்பார்கள். அந்த வளைவில் கம்பித் தடுப்பும் கிடையாது.

*

டெய்லர் கடைக்குப் பக்கத்திலிருந்த பேக்கரியில் அப்பா தேங்காய் பன் தின்றுகொண்டிருந்தார். சாருமதியைப் பார்த்ததும் அவளுக்கும் ஒன்று சொன்னார். அவள் உட்கார்ந்தாள். வழியெல்லாம் வாக்கியங்களை அடுக்கிக்கொண்டு வந்திருந்தாள். உட்கார்ந்ததும் எல்லாம் சரிந்துவிட்டன.

“அப்பா, நம்ம வீட்டுக் கம்ப்யூட்டர்ல தப்பு எதும் இல்லீங்க.”

நாச்சிமுத்து பன்னைக் கீழே வைத்தார்.

“டெஸ்ட் சென்டர்ல இருக்கறதும் இதே கார்டுதானுங்க. ஆனா அங்க அது கெஸ் பண்ணிக்கும். நீங்க திருப்போணும்னு நெனச்சாலே போதும், அதுவாத் திருப்பிரும். நம்ம வீட்டுல லினக்ஸுங்கறதுனால அந்த வித்தை கெடையாது. நீங்க எவ்வளவு திருப்புறீங்களோ அவ்வளவுதான் திரும்பும். அம்மா ஓட்டுனாங்க... திரும்பீருச்சு.”

“வசந்தாவா?”

“ஆமாங்க.”

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தாள். ஓசி சாமானை நம்பி அப்பனைக் குறை சொல்ல வந்துவிட்டாயா என்று கேட்பார். பேக்கரியில் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அதற்கெல்லாம் தயாராகத் தலையைக் குனிந்துகொண்டாள்.

“அன்னிக்கு என்ற கையி நழுவிருச்சு சாமி,” என்றார் நாச்சிமுத்து மெதுவாக. “பஸ்ஸு அதுபாட்டுக்குத் திரும்பிப் போவுது.”

அவள் நிமிர்ந்தாள். “உங்களுக்குத் தெரியுமுங்களா?”

“என்ற கைதானே. எனக்குத் தெரியாம எங்க போகும்?”

“அப்புறம் ஏனுங்க சொல்லல?”

“யார்கிட்டச் சொல்றது? மெசினு பாஸுங்குது. அந்த ஆபீசர் தம்பி எந்திரிச்சு வந்து கையக் குடுக்கறான். உங்கம்மா மாசாணியம்மன் கோயிலுக்குக் கெளம்பிட்டா. இத்தன வருசம் மலையில ஓட்டுன ஆளு, எனக்குப் பயமா இருக்குதுன்னு நா எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுச் சொல்றது?” அவர் இடது கையை மேசைமேல் எடுத்து வைத்து, மடக்கி, விரித்தார். “சரி, பெரிய மெசினு சொன்னா அது தெரிஞ்சுதான் சொல்லும், நம்ம மனசுதான் கெடந்து அடிச்சுக்குதுன்னு நெனச்சேன். வீட்டு மெசினும் ஒரு தடவ, ஒரே தடவ, திருப்பீருச்சுன்னு வெய்யி, தகிரியமா வண்டி ஏறிரலாம்னு பாத்தேன். அந்தக் கெரகம் உடவே மாட்டீங்குது.”

“அதுக்கா திரும்பத் திரும்ப ஓட்டுனீங்க?”

“பின்ன? நாலு நாளாச் சோறு எறங்கல கண்ணு. கண்ண மூடுனா அந்த வளைவுதான். வண்டி நெறைய ஆளுக. திரும்பிப் பாத்தா எல்லாம் நம்ம பஸ்ஸுல தெனமும் வர்ற மூஞ்சிக.”

அவர் பன்னை எடுத்து, மிச்சத்தை முழுக்க வாயில் போட்டு, ரசித்து மென்றார். தோள்கள் இறங்கியிருந்தன. அவ்வளவு நாளாக அவை தூக்கியபடியே இருந்தன என்பது இறங்கிய பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது.

“அதும்பேரு என்ன சொன்ன? லினக்ஸா?”

“ஆமாங்க.”

“மூஞ்சிக்கு நேராச் சொல்லுது பாரு. உங்க அத்தை மாதிரி.” அவர் சிரித்தார். எச்சில் கையோடு டெய்லர் கடையைப் பார்த்துக் குரல் கொடுத்தார். “மணி! அந்தச் சட்டையப் பிரிச்சுறாத. இப்ப வேண்டாம். நா ஒடம்பு தேறிட்டு வாறேன்.”

*

டிரைவர் தானாக ஓட்டமாட்டேன் என்று சொன்னால் கம்பெனியில் அதற்கு வேலைக்கு வராத கணக்குதான். சான்றிதழ் கொடுத்தவர்களே திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். ஆகவே மறுநாள் அப்பாவும் மகளும் நேர்பாதைக்குப் போனார்கள். சாருமதியின் கைப்பையில் ஒரு பென்டிரைவ் இருந்தது. அதைச் செருகினால் எந்தக் கம்ப்யூட்டரும் லினக்ஸில் எழுந்துகொள்ளும்.

அங்கே பெஞ்சில் ஏழெட்டு டிரைவர்கள் காத்திருந்தார்கள். சென்டரின் பொறுப்பாளர் ஆல்வின் இளைஞர். நாச்சிமுத்து சொன்னதை இரண்டு தடவை கேட்டார்.

“ஃபெயிலாகறதுக்காக ரீடெஸ்ட் கேட்டு வந்த முதல் ஆள் நீங்கதாண்ணே.”

“பாஸாகறதா இருந்தா பாஸு போடுங்க தம்பி. நா வேண்டாங்கல. ஆனா நா ஓட்டோணும். அது ஓட்டப்புடாது.”

பெஞ்சிலிருந்து ஒருவர் சத்தமாகச் சிரித்தார். குப்புராஜ். அதே மலைச் சாலையில் வேறொரு கம்பெனி பஸ்ஸை ஓட்டுகிறவர். போன மாதம் சான்று வாங்கி, இப்போது அதன் அட்டையை வாங்க வந்திருந்தார். “ஏப்பா நாச்சிமுத்து, உனக்கு ஓட்ட முடியலீன்னா ஊட்டுல போயி மாடு மேயி. எங்க பொழப்புல எதுக்கு மண்ண அள்ளிப் போடற? மெசினையே சந்தேகப்படறானாம். மெசினுக்குப் புள்ளயக் கூட்டிக்கிட்டு வந்து வைத்தியம் பாக்கறானாம்!”

மற்றவர்களும் சிரித்தார்கள். சாருமதிக்குக் காது சுட்டது. இருந்தாலும் பென்டிரைவை எடுத்து நீட்டினாள். ஆல்வின் தலையை ஆட்டினார். “இல்ல தங்கச்சி. வெளில இருந்து எதையும் இதுல போட முடியாது. கார்டு படம் வரையும், அவ்வளவுதான். அது எப்படி வண்டி ஓட்டும்?”

சாருமதி பதில் தேடினாள். கெஸ்ஸைப் பற்றிப் பெனசீர் சொன்னது, இல்ஸே எழுதியது எல்லாம் ஒன்றாக நினைவுக்கு வந்தன. வாயில் ஒன்றுதான் வந்தது.

“நீங்க ஓட்டிப் பாருங்க சார். வளைவு வந்ததும் கைய எடுத்துருங்க.”

“கைய எடுத்தா விழுந்துரும்.”

“விழுகட்டுமுங்க.”

ஆல்வின் புன்னகையோடு போய் உட்கார்ந்தார். பெஞ்சில் இருந்தவர்கள் வேடிக்கை பார்க்கக் கண்ணாடிக்கு அருகே வந்தார்கள். பஸ் மலை ஏறியது. முதல் சில வளைவுகளை ஆல்வின் சாதாரணமாகத் திருப்பினார். இடது வளைவு வந்தது. ஸ்டியரிங்கை லேசாக ஒடித்துவிட்டு, ஒருமுறை சாருமதியைத் திரும்பிப் பார்த்து, இரண்டு கைகளையும் உயர்த்தினார்.

பஸ் திரும்பியது. தடுமாறவில்லை, உரசவில்லை. வெள்ளைக் கோட்டை ஒட்டி, அளந்ததுபோலத் திரும்பி, மேலே போனது. ஆல்வின் கைகள் இன்னும் காற்றில் இருந்தன. ஸ்டியரிங் தொடக்கத்தில் விட்ட இடத்திலேயே நின்றிருந்தது.

“ஹாரன் மட்டும் அடிக்கலியே,” என்றார் நாச்சிமுத்து.

யாரும் சிரிக்கவில்லை. ஆல்வின் எழுந்து வந்து தண்ணீர் குடித்தார். அவர் மனதில் என்ன ஓடியது என்பது முகத்திலேயே தெரிந்தது. இதே இருக்கையில் உட்கார்ந்து பாஸாகி, இந்த நேரத்தில் எங்கெங்கோ மலையேறிக்கொண்டிருந்தவர்களின் முகங்கள்.

“அந்தப் பென்டிரைவக் குடு தங்கச்சி,” என்றார்.

செருகினாள். அதே விளையாட்டு, அதே சாலை, அதே கார்டு. நாச்சிமுத்து செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஏறி உட்கார்ந்தார். முதல் வளைவு. ஹாரன். இரண்டாவது. ஹாரன். வலது வளைவுகளை அவர் திருப்பிய விதத்தைப் பார்த்து ஒருவர் ‘ச்’ கொட்டினார். அவ்வளவு அழகு. இடது வளைவு வந்தது. ஹாரன். இடது கை ஸ்டியரிங்கின் உச்சியைப் பிடித்தது, கீழே இழுத்தது, பாதியில் நழுவியது.

பஸ் பள்ளத்தில் விழுந்தது.

திரை ‘மீண்டும் தொடங்கவா?’ என்றது. நாச்சிமுத்து நீளமாக மூச்சு விட்டார். அந்த மூச்சு கண்ணாடிக்கு இந்தப் பக்கம்கூடக் கேட்டது.

“யாரும் இல்ல வண்டியில,” என்றார் தனக்குத்தானே. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். சிரித்துக்கொண்டிருந்தார். “ஃபெயிலுன்னு போடுங்க தம்பி. நல்லாக் கொட்டையாப் போடுங்க. கம்பெனிக்காரனுக்குக் கண்ணு தெரியோணும்.”

ஒவ்வொருவராக வெளியே போனார்கள். ஒருவர் பீடி பற்றவைக்க, ஒருவர் போன் பேச. ஆல்வின் யாரையோ அவசரமாக அழைத்துக்கொண்டிருந்தார். சாருமதி கம்ப்யூட்டரை நோக்கிப் போனபோது பின்னால் ஒரு குரல் கேட்டது. அது தாழ்ந்திருந்ததால் யாருடையது என்று முதலில் தெரியவில்லை.

“அதக் கழட்டிறாத பாப்பா,” என்றார் குப்புராஜ். “எனக்கும் ஒருக்கா பாத்துரலாம். வலது கண்ணுல கொஞ்ச நாளா ஒரு பொக மாதிரி...”

*

அந்தக் கார்டு டெஸ்ட் சென்டரிலிருந்து கழற்றப்பட்டது. பாஸானவர்கள் எல்லாரையும் திரும்பக் கூப்பிட்டார்கள். சில நாள் மலைக்குப் பஸ் குறைந்தது. நின்று நின்று கால் கடுத்த சனம் நாச்சிமுத்துவின் பெயரைச் சொல்லித் திட்டியது. ஆனால் பெரும்பாலானவர்கள் ஊகத்தின் உதவியில்லாமலேயே தேறினார்கள். தேறியதும் அவர்கள் முகத்தில் வந்த வெளிச்சம், அதுவரை தாங்களும் உள்ளுக்குள் கொஞ்சம் பயந்திருந்ததைக் காட்டிக்கொடுத்தது. குப்புராஜ் கண் ஆபரேஷன் செய்துகொண்டு திரும்பவும் வண்டி எடுத்தார். நாச்சிமுத்துவைத் தவிர ஒரே ஒருவர்தான் தேறவில்லை. இப்போது ஆனைமலையில் தேங்காய் மண்டியில் இருக்கிறார். வழியில் நாச்சிமுத்துவைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். நாச்சிமுத்து அதைத் தவறென்று சொல்வதில்லை.

மயிலம்மன் மோட்டார்ஸ் அவரைப் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராகப் போட்டது. விசில் வாயில் இருந்தாலும், கிளம்புகிற வண்டியைப் பார்த்தால் அவருடைய வலது கால் தானாகவே இல்லாத ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்.

பெனசீரின் சென்டரில் ஏழாம் சீட்டுக்கு மவுசு வந்துவிட்டது. “தில்லு இருந்தா லினக்ஸுல வந்து ஆடுறா பாக்கலாம்,” என்பதுதான் அங்கே புதிய சவால். தோற்றால் எழுந்து போவதில்லை. இன்னொரு ஆட்டம் கேட்கிறார்கள்.

நாச்சிமுத்து வீட்டுப் பஸ்ஸை விடவில்லை. தினமும் வேலைவிட்டு வந்ததும் உட்கார்ந்தார். தினமும் விழுந்தார். விழுவது மெல்ல மெல்ல வளைவின் தொடக்கத்திலிருந்து நடுவுக்கும், நடுவிலிருந்து முடிவுக்கும் நகர்ந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, வசந்தாமணி கோழிக்குழம்புக்கு மசால் அரைத்துக்கொண்டிருந்தபோது, பஸ் விழவில்லை.

யாரும் கத்தவில்லை. அவர் வளைவுக்கு அப்பால் பஸ்ஸை ஓரங்கட்டி, விளையாட்டிலும் ஹேண்ட் பிரேக் போட்டுவிட்டு, இடது கையைக் கொஞ்சநேரம் பார்த்தார்.

“வசந்தா, டீ வெய்யி.”

“திரும்பீருச்சுங்களா?” என்றாள் அவள், அரைப்பதை நிறுத்தி.

“திரும்பாம?” என்றார். குரல் உடைந்தது.

சாருமதி வேறொரு வேலை இருப்பதுபோலப் போனை எடுத்தாள். பிழைப் பக்கத்தைத் திறந்தாள். நடந்ததையெல்லாம் அவள் அப்போதே அதில் எழுதியிருந்தாள், தவறாகப் புகார் செய்ததற்கு மன்னிப்பும் கேட்டிருந்தாள். இல்ஸேயின் பதில் இன்னும் அங்கே இருந்தது: ‘இது எங்கள் பிழை அன்று. எனினும் தங்கள் தந்தையாரின் கை குணமாகும் வரை இப்பதிவு திறந்தே இருக்கட்டும். மூடிவிட்டால் எவரும் நலம் விசாரிக்க மாட்டார்கள்.’

இனி மூடலாம். அதற்காகக் கீழே நகர்த்தியபோது அவள் விரல் நின்றது.

அவள் பார்க்காத இந்த மாதங்களில் பதிவு நீண்டிருந்தது. ‘எனக்கும் இதே பிழை’ என்று பலர் எழுதியிருந்தார்கள். ஒருவர் துறைமுகத்தில் கிரேன் இயக்குகிறவர். வேலைப் பயிற்சித் திரையில் சுமை ஆடுவதில்லை. வீட்டில் லினக்ஸில் பார்த்தால் ஆடுகிறது என்கிறார். ஒருத்தி பல் மருத்துவர். பயிற்சி விளையாட்டில் தன் ஊசி எப்போதும் சரியான இடத்தில் இறங்கிக்கொண்டிருந்ததாக எழுதியிருக்கிறாள். இன்னொருவர் ஒன்றும் விளக்கவில்லை. ‘இடது வளைவு எப்படி இருக்கிறது?’ என்று மட்டும் கேட்டிருக்கிறார்.

சாருமதி அதையெல்லாம் அப்பாவுக்குப் படித்துக் காட்டினாள். நாச்சிமுத்து டீயை இடது கையில் பிடித்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“இத மூடீட்டா அந்தச் சனம் எங்க போயிச் சொல்லும்?”

“வேற எடம் இல்லீங்க.”

“அப்ப கெடக்கட்டும் சாமி. நம்முளுது திரும்பீருச்சுன்னு மட்டும் எழுதி உடு. அவங்களுக்கும் ஒரு தெம்பா இருக்கும்.”

அவள் எழுதினாள். ‘இடது வளைவு திரும்பிவிட்டது. பதிவை மூடவேண்டாம்.’

அனுப்பிவிட்டு நிமிர்வதற்குள் பின்னால் ஹாரன் சத்தம் கேட்டது. அடுத்த வளைவு வந்துவிட்டது போல.